கூடைக்குள் போன கை

காய்ந்த மானாப் புல்லுக்குள் கையை விட்டால் முதலில் விரல் நுனியில் குத்தும், அப்புறம் சூடு தெரியும். கோழி எழுந்துபோய்க் கொஞ்ச நேரந்தான் ஆகிறது என்பதை அந்தச் சூடே சொல்லிவிடும். கூடையின் அடிவரை துழாவி, பிரம்புப் பின்னலைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றிக் கையை வெளியே எடுத்தால் நாலு துண்டுப் புல்தான் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். கோழி கொக்கரித்ததைக் காதால் கேட்டிருக்கிறேன், புல்லில் சூடு இருக்கிறது, முட்டை மட்டும் இல்லை. இதெல்லாம் நடந்து அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் வீட்டில் ஒரு சாமானைத் தேடி அது வைத்த இடத்தில் இல்லையென்றால், எங்கே வைத்தோம் என்று யோசிப்பதற்கு முன்னால் யார் எடுத்தது என்றுதான் எனக்கு இப்போதும் மனம் போகிறது. அந்தக் குணம் அந்தக் கூடையிலிருந்து தொற்றியதோ அம்மாவிடமிருந்து வந்ததோ, எனக்கே நிச்சயமில்லை.

கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பாதையில், மழை விடாத பக்கத்தில் இருந்தது எங்கள் தோட்டம். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில் வேலை; அம்மா கொழுந்து பறித்தாள். பத்துக் காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாகக் கொண்ட லயத்தில் எங்களுடையது ஆறாவது. ஏழாவது காம்பராவில் பாக்கியம் அத்தையும் அவள் புருஷன் முத்தையா மாமாவும் இருந்தார்கள். இரத்த உறவு என்று எதுவும் கிடையாது. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் படுத்து எழும்புகிறவர்களுக்கு உறவு தானாக வந்துவிடும், அவ்வளவுதான். அந்தச் சுவரும் ஒழுங்கான சுவர் அல்ல. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய், கூரைத் தகரத்தைத் தொடாமல் அப்படியே நின்றுவிடும். அவர்கள் வீட்டுக் கருவாட்டு வாசம் எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டுச் சண்டை அவர்கள் வீட்டுக்குப் போகும். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா சமைந்தபோது முதல் தண்ணீர் ஊற்றியதும், அத்தை முறை என்று பச்சை வளையல் கொண்டுவந்து போட்டதும் அவள்தான்.

கோழிகள் எங்களுக்கு வந்தது பங்களாவிலிருந்து. பழைய துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குப் போனபோது, பங்களாவில் சமையல் செய்த அப்பு, அங்கே கோழிக்கூட்டுக்கு அப்பா கம்பி அடித்துக் கொடுத்த நன்றிக்காக அவரிடம் இரண்டு வெள்ளைக் கோழிகளைக் கொடுத்தனுப்பினார். பால் மாதிரி வெள்ளை. செக்கச் சிவந்த கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணை மறைக்கும். லயத்தில் மற்றவர்கள் வைத்திருந்த புள்ளிக் கோழி, கறுப்புக் கோழிகளோடு அவை சேராமல் தனியாகவே மேய்ந்தன. அதைப் பார்த்து யாரோ "துரைசாணிங்க" என்று பெயர் வைத்துவிட, அம்மாவுக்கு அது கேலியாகப் படவில்லை. பெரிய துரைசாணி, சின்ன துரைசாணி என்று அவளே கூப்பிட ஆரம்பித்தாள். பழைய கொழுந்துக் கூடை ஒன்றைச் சாய்த்து, மானாப் புல்லை உலர்த்திப் பரப்பி, பின்வாசல் தாழ்வாரத்தில் அவற்றுக்கு முட்டையிட இடம் பண்ணிக் கொடுத்தாள். அந்தக் கோழிகள் வந்த பிறகு மலைத்தண்ணீர் வந்து விழுகிற பீலிக்கு அம்மா தண்ணீர் எடுக்கப் போகும்போது நடையே கொஞ்சம் மாறியிருந்ததாக அப்பா சொல்வார்.

அந்த வருடம் அக்கா சமைந்தாள். சடங்கு முடிந்த மறுநாளிலிருந்து முப்பது நாளைக்கு, விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு பச்சை முட்டை. முட்டையின் உச்சியை மட்டும் தட்டி உடைத்து அப்படியே வாய்க்குள் சரித்துக்கொள்ள வேண்டும். காலியான ஓட்டிலேயே நல்லெண்ணெயை ஊற்றி அதையும் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். "இடுப்பெலும்பு கெட்டிப்பட்டாத்தான் நாளைக்கு நாலு புள்ள பெத்தாலும் மலையேறிக் கொழுந்தெடுக்க முடியும்" என்று அம்மா சொல்வாள். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர விழுங்குவாள். அது முடிந்ததும் ஓட்டை வெளியே எறிகிற வேலை என்னுடையது. அக்காவுக்கு அடுத்த பெண் நான், எனக்குப் பத்து வயது.

நான் அதை எங்கேயும் தூரமாகக் கொண்டுபோய் எறியவில்லை. பின்வாசலில் நின்று கோழிகளுக்கு முன்னால் போடுவேன். ஓட்டின் உள்பக்கத்தில் வெள்ளைக் கரு வழவழவென்று ஒட்டியிருக்கும், அதன்மேல் எண்ணெய் மினுங்கும். துரைசாணிகள் இரண்டும் பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஓடுகிற மாதிரி ஓடிவந்து கொத்தும். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு காட்டிக் காட்டி நிற்பேன். ஒருமுறை அத்தை அதைப் பார்த்துவிட்டு, அப்படியே போடாதே, அடுப்பில் போட்டுச் சுட்டு நொறுக்கிப் போடு என்றாள். எங்கள் கோழி தின்றால் இவளுக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னபோது அம்மாவும் நான் நினைத்ததையேதான் சொன்னாள்.

பத்தோ பன்னிரண்டோ நாள் ஒழுங்காக முட்டை கிடைத்தது. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் குறைந்தது. பிறகு நாலு நாள் சேர்ந்தாற்போல் கூடை காலியாகக் கிடந்தது. கோழி முட்டையை நிறுத்திவிட்டது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. அம்மா காலையில் ஆள்கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் புறப்படும் முன்னால் ஒவ்வொரு கோழியையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, பின்னால் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பாள். இன்றைக்கு முட்டை இருக்கிறதா இல்லையா என்று அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். காலையில் இரண்டு கோழிக்கும் இருந்தது, சாயந்திரம் கூடையில் ஒன்றும் இல்லை என்றால் அதற்கு அவளைப் பொறுத்தவரை ஒரே அர்த்தந்தான்.

எங்கள் வீட்டில் சந்தேகம் ஆளுக்கொரு பக்கமாகப் போயிற்று. அப்பா கீரிப்பிள்ளையைச் சந்தேகப்பட்டார், பிறகு மரநாயை, கடைசியில் முட்டை பிடிக்காத அக்காவையே சந்தேகப்பட்டு அவள் படுக்கைக்கு அடியில் தேடினார். அக்கா என்னைச் சந்தேகப்பட்டாள். நான் தலைமாட்டு லயத்துப் பிள்ளைகள் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அம்மா எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் கூடையை மட்டும் உற்றுப் பார்த்தாள். கீரி குடித்தால் ஓடு கிடக்கும், மரநாய் வந்தால் கோழி அலறும். இது சத்தமில்லாமல், ஓடுகூட இல்லாமல் துடைத்தெடுத்த மாதிரி நடக்கிறது, இது மனிதக் கை என்றாள். புல்லில் ஈரம் இருந்ததை நான் கண்டேன். எங்கள் ஊரில் எதில்தான் ஈரம் இல்லை? மழைக்காலத்தில் தலையணையே ஈரமாக இருக்கும். அதனால் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

பகலில் லயம் வெறிச்சோடிக் கிடக்கும். பெண்கள் மலையில், சடங்கு முடிந்த அக்காவும் அவர்களோடு; ஆண்கள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்திலும் ஸ்டோரிலும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலோ சின்னதுகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்திலோ. அந்த இரண்டு வாரமாக வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். மழையில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி, பாக்கியம் அத்தை வேலைக்குப் போகாமல் இருந்தாள். அம்மா ஒன்றையும் ஒன்றையும் பொருத்திப் பார்த்தாள். அத்தை வீட்டில் தங்கிய நாளும் முட்டை குறைந்த நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஓட்டைப் போடாதே என்று சொன்னதுகூட இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. நம்ம கோழி மேல அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கண்ணு என்று சுவருக்கு அப்பால் கேட்காத குரலில் சொன்னாள். மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பின்கதவைச் சாத்தி, சந்து வழியாகப் பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனி எழுதப்போவதைத்தான் நான் இத்தனை நாள் எங்கேயும் எழுதாமல் வைத்திருந்தேன். பெரிய துரைசாணி கூடைக்குள் ஏறி உட்கார்ந்தது. வெகுநேரம் கழித்து அது கொக்கரித்தது. என் கதவுச் சந்திலிருந்து கூடையின் முதுகுதான் தெரியும், உள்ளே தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஏழாம் காம்பராக் கதவு திறந்து, அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள், கூடைக்குமுன் குனிந்தாள், வலது கையை உள்ளே விட்டாள். சூ என்று ஒரு சத்தம் கேட்டது, கோழி படபடவென்று வெளியே விழுந்து ஓடியது. அத்தை கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். கை உள்ளே போனதைப் பார்த்தேன், வெளியே வந்ததைப் பார்த்தேன். கையில் எதுவும் இருந்ததை நான் பார்க்கவில்லை.

சாயந்திரம் அம்மா தலைக்கூடையை இறக்கக்கூட இல்லை, "எடுத்தாளா?" என்று கேட்டாள். நான் "ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். ஒருநாள் முழுக்கக் காவல் இருந்துவிட்டுத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கலாம். அம்மா என்ன கேட்க விரும்பினாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது, அதைக் கொடுத்துவிட்டேன். அப்போது எனக்கு அது பொய் என்றுகூடப் படவில்லை, கை போனது உண்மைதானே என்றிருந்தது.

அம்மா நேரே பீலிக்குப் போனாள். அங்கே ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள், அத்தையும் நின்றாள். அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டாள். அத்தைக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரித்தாள். கோழிதான் கொத்திக் குடிக்குது, சத்தம் கேட்டு வந்து விரட்டிவிட்டேன், வந்ததும் உன்னிடம் சொல்லணும் என்றுதான் இருந்தேன் என்றாள். பீலியடியில் இருந்த நாலு பேருக்கு அது நடக்கக்கூடியதுதான் என்று தெரிந்திருக்கும். அம்மாவுக்கும் நாட்டுக்கோழி விஷயமென்றால் தெரிந்திருக்கும். ஆனால் இது தானியமும் புண்ணாக்கும் தின்று, கம்பிக்கூட்டுக்குள் வளர்ந்த பங்களாக் கோழி. அது இந்த இழிந்த வேலையைச் செய்யும் என்று சொன்னதே அவளுக்குத் திருட்டைவிடப் பெரிய அவமானமாகப் பட்டது. துரை வீட்டுக் கோழியின் யோக்கியத்தை நம்பி, பக்கத்துக் காம்பராக்காரியின் யோக்கியத்தை நம்பாமல் போனாள் என் அம்மா. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

"நாலு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் மதினி, தாயி புள்ளைய திம்பாளா இல்லையான்னு" என்றாள்.

அத்தை குடத்தை இறக்கி வைத்தாள். எனக்கு அவள் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதில் கோபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. "வெள்ளிக்கிழமை முனிகிட்ட வாங்க. கற்பூரத்த நீங்களே வாங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டோருக்குக் கீழே, ஆலையின் பெரிய சக்கரத்தைக் காப்பதாகச் சொல்லப்படும் ரோதை முனி ஒரு மரத்தடியில் கல்லும் சூலமுமாக இருந்தார். எங்கள் தோட்டத்தில் களவு, அவதூறு எதுவானாலும் கடைசித் தீர்ப்பு அங்கேதான். குற்றம் சாட்டப்பட்டவர் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் செய்தவரைத்தான் முனி கேட்பார் என்பார்கள். பொய்யாகச் சத்தியம் வாங்கியவரையும் கேட்பார் என்று மெதுவாகச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் பெண்கள் கூடினார்கள். அத்தை நொண்டிக்கொண்டே படியிறங்கி வந்தாள். அம்மா கற்பூரத்தைக் கல்லில் வைத்துக் கொளுத்தினாள்.

"இவங்க வீட்டு முட்டைய இந்தக் கை தொட்டதில்ல" என்று சொல்லி, அத்தை வலது கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். எடுத்தபோது உள்ளங்கை நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அவள் அதை எங்களுக்குக் காட்டவுமில்லை, மறைக்கவுமில்லை. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். முனியின் சூலத்தைவிட அம்மாவின் கைக்குத்தான் அதிகம் பயந்தேன், அதைத்தான் உண்மையாகச் சொல்ல முடிகிறது.

கால் வீக்கம் வற்றி அத்தை மலைக்குப் போக ஆரம்பித்தாள். முட்டை அப்போதும் காணாமல் போனது. இதற்கும் அம்மா ஒரு கணக்கு வைத்திருந்தாள்: சத்தியத்துக்குப் பயந்து அவள் நிறுத்திவிட்டாள், வழி தெரிந்துகொண்டு இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். கையும் களவுமாகப் பிடித்தே தீர்வதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாழ்வாரத்தில் விறகுக் குவியலுக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து கூடைக்குள் நன்றாகத் தெரிந்தது.

பெரிய துரைசாணி முட்டையிட்டது. எழுந்து நின்று ஊருக்கெல்லாம் கேட்கக் கொக்கரித்தது. பிறகு திரும்பித் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் முட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. ஒரு கொத்து, இரண்டாவது கொத்து, அவ்வளவுதான், உடைந்தது. சத்தம் கேட்டு சின்ன துரைசாணி எங்கிருந்தோ ஓடிவந்தது. இரண்டும் தலையை முட்டிக்கொண்டு குடித்தன. மஞ்சள் கரு நனைந்த புல்லை இழுத்து விழுங்கின, ஓட்டைத் துண்டு துண்டாகத் தின்றன, கடைசியில் வெளியே வந்து மூக்கை மண்ணில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டன. மேசைத்துண்டில் வாய் துடைக்கிற துரைசாணி தோற்றுப்போவாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. சாக்குக்குள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றாள். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நான் சொன்ன "ஆமா"வைப் பற்றியும் கேட்க வேண்டிவரும். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை என்று நான் சந்தேகப்படுகிறேன்.

அன்றிலிருந்து எங்கள் வீடு திருட்டு வீடாக மாறியது. முட்டை குடிக்கிற கோழியை அறுத்துவிடுவதுதான் லயத்து வழக்கம். அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் கறி வாசம் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும். முட்டையிடுகிற கோழியை ஏன் அறுத்தீர்கள் என்று பத்துக் காம்பராவும் கேட்கும். அதனால் கோழியை உயிரோடு வைத்தே, யாருக்கும் தெரியாமல் திருத்த வேண்டும் என்று அம்மா முடிவு செய்தாள். முதலில் மிளகாய் வைத்தியம். ஒரு முட்டையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருந்ததை வெளியே எடுத்துவிட்டு, செத்தல் மிளகாயை அரைத்து அடைத்து, கோதுமை மாவைப் பிசைந்து வாயை ஒட்டினாள். அம்மியில் மிளகாய் அரைபட்டபோது நாங்கள் நாலு பேரும் தும்மினோம். சுவருக்கு அப்பால் முத்தையா மாமா எங்களைவிட அதிகமாகத் தும்மினார். "மீன் கொழம்புக்கு அரைக்கிறேன்" என்று அம்மா கூரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் வெறும் ரொட்டிதான்.

துரைசாணிகள் அந்த மிளகாய் முட்டையை உடைத்து, சிவப்பு விழுதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கூடையைக் கிளறின. அப்பா ஸ்டோரிலிருந்து அரம் கொண்டுவந்து மூக்கு நுனியை ராவிவிட்டார். இரண்டு நாள் அவை சோளத்தையே எடுக்க முடியாமல் திணறின. மூன்றாம் நாள் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டன. அம்மா மறுபடியும் இன்னும் உறைப்பான கொச்சி மிளகாயை வாங்கிவரச் சொன்னாள். அன்று சாயந்திரம் அடுப்படியில் உட்கார்ந்து அதை அரைக்கத் தொடங்கி இரண்டு இழுப்பு இழுத்திருப்பாள். சுவருக்கு மேலே இருந்து குரல் வந்தது.

"மொளகா கோழிக்கு ஒறைக்காது மதினி. சுண்ணாம்பு பத்தாமத்தான் அது ஓட்டுக்கு அலையுது. சிப்பி வாங்கிச் சுட்டு நொறுக்கி, தவிட்டுல கலந்து போடுங்க. முட்டை மாதிரி வெள்ளக்கல்லு ஒண்ணு கூடையில வச்சு, சாக்கத் தொங்கவிட்டு இருட்டாக்குங்க."

அம்மாவின் கை குழவியின் மேல் அப்படியே நின்றது. அத்தை அவள் வீட்டு அடுப்பை ஊதத் தொடங்கிய சத்தம் கேட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று நாங்கள் யோசித்தோம். முதலிலிருந்தே தெரியும், அவள்தான் சொன்னாளே, நாங்கள்தான் கேட்கவில்லை. அம்மா அரைத்த மிளகாயை வழித்துக் குப்பையில் போட்டாள். அவள் அழுவதை அக்காவும் நானும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

அடுத்த ஞாயிறு அப்பா கினிகத்தேனைக்கு நடந்துபோய், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு விற்கிற சிங்களக் கடைக்காரரிடம் சுடாத சிப்பி ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். ஆற்றிலிருந்து வழவழப்பான வெள்ளைக்கல் நான் பொறுக்கி வந்தது. கூடையின் வாயில் சாக்கைத் தொங்கவிட்டோம். பெரிய துரைசாணி முதல் நாலைந்து நாள் அந்தக் கல்லோடு மல்லுக்கட்டியது. டொக் டொக்கென்று சத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். பிறகு சத்தம் குறைந்தது. ஒரு காலை அது கொக்கரித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் மேயப் போய்விட்டது. கூடைக்குள் கை விட்டேன். கல்லுக்குப் பக்கத்தில் முட்டை இருந்தது.

அந்த முட்டையை அம்மா அக்காவுக்குக் கொடுக்கவில்லை. குளித்து வேறு சேலை மாற்றிக்கொண்டு, முட்டையைக் கையில் ஏந்தி, என்னையும் கூட்டிக்கொண்டு ஏழாம் காம்பராவுக்குப் போனாள். பத்தடி தூரந்தான், ஆனால் அம்மா அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. அத்தை முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தாள். அம்மா முட்டையை நீட்டினாள்.

அத்தை அதைப் பார்த்துவிட்டு, நல்ல முட்டை, ஓடு கெட்டியாக இருக்கிறது என்றாள். அக்காவுக்கு இப்போது உடம்பு எப்படி என்று விசாரித்தாள். கையை மட்டும் நீட்டவில்லை.

"தொட்டதில்லன்னு சாமிகிட்ட சொன்ன கை மதினி. இனிமே எப்பிடித் தொடுறது?" என்றாள். "பெரியவளுக்குக் குடுங்க. பெத்த புள்ள நல்லா இருக்கட்டும்."

அம்மா நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குப் பிறகு எட்டு வருடத்துக்கு மேல் அவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். நெருப்பும் உப்பும் அரிசியும் அந்தச் சுவரின் மேல் போய்வந்தன. என் காய்ச்சலுக்கு மூன்று நாள் கண்விழித்தது அத்தைதான். முட்டை மட்டும் ஒருநாளும் வாங்கவில்லை. அம்மாவும் ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு தீபாவளிக்கும் கொண்டுபோய் நீட்டாமல் இருந்ததில்லை.

அறுபதுகளின் நடுவில், கடவுச்சீட்டு வாங்கி, கடல் தாண்டிப் பூர்வீக ஊரோடு போய்விடுகிறவர்கள் போக ஆரம்பித்திருந்தார்கள். முத்தையா மாமாவின் தம்பி திருச்சிப் பக்கம் இருந்து எழுதிக்கொண்டே இருந்ததால் அவர்களும் புறப்பட்டார்கள். அட்டன் ஸ்டேசனுக்குப் போக லொறி வந்து நின்றது. தகரப்பெட்டியும் அம்மியும் ஏற்றியாகிவிட்டது. லயமே அழுதது. அத்தை எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு என்னிடம் வந்தாள். எனக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு வளர்ந்திருந்தேன். அவள் வலது கையை என் கன்னத்தில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"அன்னைக்குக் கதவுச் சந்துல உன் பாவாட தெரிஞ்சிச்சுடி. என் கையில ஒண்ணுமில்லன்னு பார்த்தவ நீ ஒருத்திதான். ஒருநாளைக்கு நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

அதில் குற்றச்சாட்டு இல்லை, காத்திருந்து அலுத்துப்போனதுதான் இருந்தது. அவள் பதிலுக்கு நிற்கவில்லை, லொறியில் ஏறி மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் ஒரே ஒரு கடிதம் வந்தது, அதில் எல்லோரையும் விசாரித்திருந்தாள், என்னையும் பெயர் சொல்லி விசாரித்திருந்தாள். நான் பதில் எழுதவில்லை. பல வருடம் கழித்து மகனோடு திருச்சிக்குக் கோயில் பார்க்கப் போனபோது, இங்கே நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா அம்மா என்று அவன் கேட்டான். இல்லை என்று சொன்னேன்.

இப்போது அந்த லயம் இல்லை. மண் சரிந்ததில் பாதியும், தனி வீடுகள் கட்டியபோது மீதியும் போயிற்று. அம்மா போய்விட்டாள், அக்காவும் போய்விட்டாள். ரோதை முனிக்குச் சுற்றிவர மாபிள் பதித்து இரும்புக் கேட் போட்டிருக்கிறார்கள். அங்கே யாரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவதாகத் தெரியவில்லை, எதுவானாலும் பொலிசுக்குப் போகிறார்கள். வளவில் கோழி வளர்ப்பவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். முட்டை கடையிலிருந்து முப்பது முப்பதாக அட்டைத் தட்டில் வருகிறது, அது எந்தக் கோழி இட்டதென்று யாருக்கும் தெரியாது.

போன மாதம் பேத்தி பெரியமனுஷியானாள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்க மாட்டேன் என்று அவள் அடம்பிடித்ததால், அரை அவியலாக மிளகுத்தூள் போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு காலை தட்டில் மூன்று முட்டை குறைவதாக மருமகள் சொன்னாள். நேற்றுச் சாயந்திரம் எண்ணி வைத்ததாம். துணி துவைக்க வருகிற பெண் பின்வாசலில் வாளியோடு நின்றாள். மருமகளின் பார்வை தட்டிலிருந்து எழுந்து அந்தப் பக்கம் போனதை நான் பார்த்தேன். அவள் குசினிக்குள் போனதைப் பார்த்தீங்களா மாமி என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். போனதைப் பார்த்திருந்தேன். எடுத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது.

நான்தான் எடுத்தேன், பசித்தது, அவித்துத் தின்றேன் என்று சொன்னேன். பல்லில்லாத கிழவி மூன்று முட்டையை எப்படித் தின்றாள் என்று மருமகள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, சரி மாமி என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் எதைச் சொன்னாலும் எங்கள் வீட்டில் உடனே நம்பிவிடுகிறார்கள். அன்றைக்கும் அப்படித்தான் நம்பினார்கள்.